கலப்பதற்கு யாருக்கு உரிமம்?
ஜப்பானிய வாசனையிட்ட பெல்ஜிய ஏல் குறித்துச் சில குறிப்புகள்

1

டோக்கியோவில் எட்டு வருஷம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர், பெட்டிக்குள் வேட்டியில் சுற்றி இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். 'ககுவா' என்று பெயர். ஒன்று ப்ளாங்க், மற்றது ரூஜ். வெள்ளை, சிவப்பு என்பதைப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார்கள். பெயரை எழுதும் ஜப்பானிய எழுத்துகள் இரண்டு. முதல் எழுத்துக்கு மணம் என்று பொருள். இரண்டாவதற்கு இசைவு என்றும் பொருள், ஜப்பான் என்றும் பொருள். பெல்ஜிய முறையில் செய்த ஏல் வகை பீர் இது. யூசு என்ற பழத்தோலும் சான்ஷோ என்ற காரப்பொருளும் இதில் சேர்ந்திருக்கின்றன. 2012இல் விற்பனைக்கு வந்தபோது இவ்விரண்டும் ஜப்பானிலிருந்து பெல்ஜியத்துக்குப் போய், அங்கே பீராகி, மறுபடி ஜப்பானுக்கே திரும்பி வந்தன. ஜப்பானிய உணவோடு சேர்த்துக் குடிப்பதற்கென்றே உண்டாக்கியதாக அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள்.

"குடிச்சுப் பாரும்யா. நீர்தான் கலப்பு கலப்புன்னு மேடையில பேசுற ஆளாச்சே" என்றார் நண்பர்.

கேலி நியாயமானதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் இலக்கியக் கூட்டத்தில், கலப்பு என்பதே தூய்மைவாதத்துக்கு எதிரான கலகம் என்று முக்கால் மணி நேரம் பேசியவன் நான். சாதித் தூய்மை, இனத் தூய்மை, மொழித் தூய்மை என்று தூய்மையின் பேரால் நடந்த வன்முறைகளை அறிந்த நமக்குக் கலப்பு என்ற சொல்லின் மேல் பிரியம் இருப்பது இயல்பு. அந்தப் பிரியத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டிய அவசியத்தை இந்தப் பாட்டில்கள் உண்டாக்கின. மது விஷயத்தில் எனக்கு நிபுணத்துவம் ஏதும் கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்தவன். பிரதியை வாசிக்கிற மாதிரி ஒரு பாட்டிலை வாசித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

2

முதலில் பொருள் என்னவென்று தெரிந்துகொள்வோம். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பாக இறங்கும் சாற்றைக் கசப்புக்காக ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் பீர். குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதிப்பது லாகர். நம் ஊர்க் கடையில் கிடைப்பதும் ஜப்பானின் பெரிய கம்பெனிகள் விற்பதும் பெரும்பாலும் இதுதான். கொஞ்சம் வெதுவெதுப்பில் வேகமாக நொதிப்பது ஏல். பெல்ஜிய ஏல்களின் தனித்தன்மை பெரிதும் அங்கே புழங்கும் ஈஸ்ட் வகைகளால் வருகிறது. கிராம்பு, வாழைப்பழம் போன்ற வாசனைகளை, அவற்றில் எதையும் சேர்க்காமலே, அந்த ஈஸ்ட் உண்டாக்கிவிடும். பல வகைகளைப் பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு முறை நொதிக்கவிடுவதால் நுரையும் வாயுவும் அதிகம்.

இதில் 'வெள்ளை பீர்' என்றொரு வகை உண்டு. முளைகட்டாத கோதுமை, கொத்தமல்லி விதை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் மூன்றும் சேர்வது. கசப்பு குறைவு. ஜப்பானியர்கள் அதிகம் கைவைத்த பெல்ஜிய வகை இதுவே. கைவைப்பது சுலபமும்கூட. ஆரஞ்சுத் தோல் இருக்கிற இடத்தில் யூசுத் தோல், கொத்தமல்லிக்குப் பக்கத்தில் சான்ஷோ. இலக்கணத்தில் சொன்னால் வாக்கியம் அப்படியே இருக்க, பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றுகிற வேலை.

யூசு எலுமிச்சை இனம். எலுமிச்சையும் நாரத்தையும் சேர்ந்த மாதிரி வாசனை. சாறு கொஞ்சம்தான், மணமெல்லாம் தோலில். சான்ஷோவை ஜப்பானிய மிளகு என்பார்கள், ஆனால் மிளகுக்கும் அதற்கும் சொந்தமில்லை. எலுமிச்சையும் நம் கறிவேப்பிலையும் இருக்கும் அதே தாவரக் குடும்பம் அது. கொங்கணக் கரையில் மீன் குழம்புக்குப் போடுகிற திர்பல் அதற்கு நெருங்கிய உறவு. நாக்கில் பட்டால் காரத்தைவிட ஒரு மரமரப்புதான் தெரியும்.

சாப்பாட்டோடு இது எப்படிப் பொருந்துகிறது என்பதில் மாயம் ஒன்றுமில்லை. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி. கொம்பு என்ற கடற்பாசியும் உலர்த்திச் சீவிய கட்சுவோ மீனும் ஊறிய தெளிந்த சாறு. இதன் சுவையைத்தான் இகேதா கிகுனாயே என்ற வேதியியலாளர் 1908இல் பிரித்தெடுத்து உமாமி என்று பெயரிட்டார். மிக மெல்லிய சுவை. கசப்பு மிகுந்த பீர் இதை அடித்துப்போட்டுவிடும். வெள்ளை பீரில் கசப்பு குறைவாகையால் விட்டுவைக்கிறது. தெம்புராவின் எண்ணெய்ப் பிசுக்கை வாயு கழுவிவிடுகிறது. சோயாவும் மிரினும் தடவிச் சுட்ட விலாங்கு மீன்மேல் சான்ஷோத் தூள் தூவுவது அங்கே பழைய வழக்கம். கருஞ்சிவப்பு ஏலில் வறுத்த மால்ட்டின் கருகல் இனிப்பு இருக்கிறது, சுட்ட சோயாவிலும் அதே கருகல் இனிப்பு. இரண்டுக்கும் நடுவில் சான்ஷோ நின்றால் பாலம் தானாக அமைந்துவிடுகிறது.

"நல்லாருக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

3

இனி நமக்குப் பழக்கமான கேள்விக்கு வரலாம். கலக்கப்பட்ட இரண்டில் 'அசல்' எது?

பெல்ஜியம் என்று நாம் சொல்லும் இந்தச் சுவை எங்கிருந்து வந்தது? வெள்ளை பீரின் பேர்போன ஊர் ஹூகார்டன். அங்கே கடைசி வெள்ளை பீர் ஆலை 1950களில் மூடப்பட்டது. லாகர் அலையில் அந்த வகையே அழிந்துபோன நிலை. இளவயதில் அந்த ஆலையில் கூடமாட வேலை செய்த பால்காரர் பியர் செலிஸ், 1966இல் அதை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். 'தொன்மையான பெல்ஜிய மரபு' என்று உலகம் இன்று குடிப்பது, பால்காரர் ஒருவர் நினைவிலிருந்து மீட்ட மரபு. 1985இல் ஆலை தீப்பிடித்தது. திரும்பக் கட்டப் பணம் தந்த பெரிய கம்பெனியின் கைக்கே பிறகு எல்லாம் போனது. 2005இல் அந்தக் கம்பெனி உற்பத்தியை வேறு ஊருக்கு மாற்றுவதாக அறிவிக்க, ஊர் ஜனங்களும் தொழிலாளர்களும் எதிர்த்தார்கள். 2007இல் முடிவு கைவிடப்பட்டது.

அந்த ஆரஞ்சுத் தோலும் பெல்ஜியத்தில் விளைந்ததல்ல. கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவின் கசப்பு ஆரஞ்சு. ஸ்பானியர்கள் கொண்டுபோய் நட்ட இனிப்பு ஆரஞ்சு, அந்த வறண்ட மண்ணில் கசந்துபோய் அப்படி ஆனது. 1634இல் டச்சுக்காரர் பிடித்த அந்தத் தீவு, அடிமை வியாபாரத்தின் பெரிய சந்தையாக இருந்தது. ஐரோப்பியக் கோப்பையின் வாசனைக்குப் பின்னால் ஒரு காலனியம் கிடக்கிறது. ஆக, யூசுவைப் போட்டுப் பெல்ஜிய மரபை ஜப்பானியர் 'கலப்படம்' செய்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. அது ஏற்கெனவே கலந்ததுதான்.

ஜப்பானின் பக்கம் பார்த்தாலும் இதே கதை. பீர் அங்கே மெய்ஜி காலத்து இறக்குமதி. 1870 வாக்கில் யோகோஹாமாவில் வில்லியம் கோப்லாண்ட் என்ற வெளிநாட்டுக்காரர் ஆலை போட்டார். 1876இல் சப்போரோவில் அரசே ஆலை தொடங்கியது. அதை நடத்திய நகாகவா செய்பெய் ஜெர்மனியில் தொழில் கற்றவர். ஜெர்மன் வழி என்றால் லாகர். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்ற பவேரியாவின் 1516ஆம் ஆண்டுச் சட்டம்தான் 'சுத்தமான பீர்' என்ற புனைவுக்கு மூலப்பிரதி. ஜப்பான் அந்தச் சட்டத்தை வரிக்கு வரி எடுத்துக்கொள்ளவில்லை, தன் கம்பெனிகளின் வசதிக்கேற்பத் திருத்திக்கொண்டது. கிரின், அசாஹி, சப்போரோ, சன்டோரி என்ற நான்கு பெயர்களுக்குள் அந்நாட்டுப் பீர் அநேகமாக அடங்கிப்போனது. அலுவலகக் கூட்டம் மதுக்கடையில் உட்கார்ந்ததும் 'தோரியேஸு பீரு' என்பார்களாம். இப்போதைக்குப் பீர் என்று அர்த்தம். "எல்லாருக்கும் ஒரே பீர், ஒரே நேரத்துல வரணும். நான் வேற கேட்டா மேனேஜர் ஒரு மாதிரி பார்ப்பார்" என்றார் நண்பர்.

இதுவரை என் பழைய பேச்சுக்கு எல்லாமே சாதகம். தூய்மை கட்டமைக்கப்பட்டது, கலப்பே இயல்பு. ஆனால் நண்பர் விடவில்லை.

4

2016இல் டோக்கியோக் கடை ஒன்றில் ஹூகார்டன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாராம். பின்பக்கச் சீட்டில் 'பீர்' என்று இல்லை. 'ஹப்போஷு' என்று இருந்தது. நுரைக்கும் மது என்று அதற்குப் பொருள்.

காரணம் 1953ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம். 2018 வரை அந்தச் சட்டப்படி ஒரு பானம் பீர் ஆக இரண்டு நிபந்தனைகள். தண்ணீர், ஹாப்ஸ் நீங்கலான மூலப்பொருளில் மூன்றில் இரண்டு பங்கு மால்ட் இருக்க வேண்டும். மீதிக்குச் சேர்ப்பது சட்டம் பட்டியலிட்ட பொருளாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் அரிசி உண்டு, மக்காச்சோளம் உண்டு, உருளைக்கிழங்கு உண்டு, சர்க்கரையும் உண்டு. பெரிய ஆலைகளுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. கொத்தமல்லி இல்லை. யூசு இல்லை. ஒரு பிடி மல்லி விழுந்தால் போதும், பீர் தன் பெயரை இழந்துவிடும்.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. 1994இல் சன்டோரி கம்பெனி மால்ட்டை 65 சதவீதத்துக்கு இறக்கி, 'பீர் அல்லாத' ஒன்றை மலிவாக விற்றது. பீருக்கு வரி அதிகம், ஹப்போஷுவுக்குக் குறைவு என்பதுதான் சூட்சுமம். அரசு சும்மா விடுமா? 1996இல், மால்ட் பாதிக்கு மேல் இருக்கும் ஹப்போஷுவுக்கும் பீர் வரியே என்று ஆக்கியது. உடனே கம்பெனிகள் மால்ட்டை இன்னும் இறக்கிக்கொண்டன. இந்த ஓட்டப்பந்தயத்தில் மாட்டிக்கொண்டது மால்ட் நிறைந்த பெல்ஜிய வகைகள். மல்லி சேர்ந்ததால் பீர் என்ற பெயர் கிடையாது. மால்ட் அதிகமானதால் பீருக்குரிய வரி உண்டு. பெயர் மறுக்கப்பட்ட ஒன்றிடமிருந்து அந்தப் பெயருக்கான வரி வசூலிக்கப்படுகிறது. அதிகாரம் எப்படிப் பெயரிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் இந்தத் தள்ளிவைக்கப்பட்ட இடத்திலிருந்துதான் நாம் பேசும் வாசனைகள் வந்தன. 1994 வரை பீர் உரிமம் பெற வருஷத்துக்குக் குறைந்தது 20 லட்சம் லிட்டர் உற்பத்தி செய்தாக வேண்டும். அந்த வருஷம் அது 60,000 லிட்டராகக் குறைக்கப்பட்டது. நாடெங்கும் 'ஜி-பீரு' எனப்பட்ட உள்ளூர்ப் பீர் முளைத்தது. இபராகியில் 1823 முதல் சாகே செய்துவந்த கியுச்சி ஆலை, 1996இல் பீருக்குள் இறங்கியது. சாகே விற்பனை சரிந்துகொண்டிருந்த காலம், அது குளிர்கால வேலையும்கூட. மல்லி, ஆரஞ்சுத் தோல், ஜாதிக்காய் சேர்ந்த அவர்களுடைய 'ஹிதாச்சினோ நெஸ்ட்' வெள்ளை ஏல், பாட்டிலில் ஓர் ஆந்தைப் படத்தோடு உலகெங்கும் போனது.

60,000 லிட்டரும் முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? ஹப்போஷு உரிமத்துக்கு வருஷத்துக்கு 6,000 லிட்டர் போதும். பீராக இல்லாமலிருந்தால் சரி. ஆகவே அண்டாவில் ஏதாவது 'பட்டியலில் இல்லாத' பொருளைப் போட்டார்கள். ஒரு துண்டு பழத்தோல், ஒரு சிட்டிகை மசாலா. இன்று ஜப்பானிய ஆன்மாவின் வெளிப்பாடு என்று விளம்பரம் பேசும் வாசனைகளில் ஒரு பகுதி, உரிமச் சட்டத்தின் சந்துக்குள் நுழையச் சின்ன ஆட்கள் கண்டுபிடித்த தந்திரம். இதைக் கேட்டபோது எனக்கு உற்சாகமாகவே இருந்தது. விளிம்பின் தந்திரம், சட்டத்தைச் சட்டத்தாலேயே ஏமாற்றுவது என்றெல்லாம் இன்னொரு முக்கால் மணி நேரம் பேசத் தயாராகிவிட்டேன்.

2018 ஏப்ரலில் சட்டம் மாறியது. மால்ட் பாதி இருந்தால் போதும். பட்டியலும் நீண்டது. பழம், மல்லி, சான்ஷோ, தேயிலை, சிப்பி, கடற்பாசி, சீவிய கட்சுவோ மீன் வரைக்கும் இடம் கிடைத்தது. ஒரே நிபந்தனை, இவையெல்லாம் சேர்ந்து மால்ட் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கலப்பு அங்கீகரிக்கப்பட்டுவிட்டது, அளவோடு. ஆனால் இதே அங்கீகாரம் அந்தச் சந்தையும் குறுக்கியது. ஒரு சிட்டிகை போட்டு 'பீர் அல்லாதது' ஆகிவிடும் வழி, புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு அடைபட்டது. இப்போது அவர் 5 சதவீதத்தைத் தாண்டிப் போட வேண்டும், அல்லது பட்டியலிலேயே இல்லாத ஒன்றைத் தேட வேண்டும். மல்லிக்குப் பெயர் கிடைத்த அன்றைக்கே, அதன் மறைவில் நின்றவருக்கு மறைவு போயிற்று.

5

இந்த இடத்தில் நண்பர் வேறொரு பாத்திரத்தைப் பற்றிச் சொன்னார். டோபுரோகு. விவசாயிகள் தங்கள் வீட்டில் அரிசியை நொதிக்கவைத்துச் செய்யும், வடிகட்டாத வெள்ளை மது. பெரும்பாணாற்றுப்படை படித்த நமக்கு இது அந்நியமல்ல. அங்கே வீட்டில் சமைத்த தோப்பி வருகிறதே, அதன் ஜப்பானியச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 1899இல் மெய்ஜி அரசு வீட்டில் மது செய்வதை அடியோடு தடைசெய்தது. சீனாவோடு ஒரு போர் முடிந்து, ரஷ்யாவோடு இன்னொன்று வரவிருந்த காலம். நிலவரியைத் தாண்டி மதுவரி அரசின் முதல் வருமானமாக ஆகிக்கொண்டிருந்தது. வீட்டுப் பானை அரசுக்கு நஷ்டம்.

நரிதா விமான நிலையத்துக்காக நிலம் பறிக்கப்பட்டதை எதிர்த்து சன்ரிஸுகா விவசாயிகள் நடத்திய போராட்டத்தை வாசகர்களில் சிலராவது அறிந்திருப்பீர்கள். அதில் நின்றவர் மாயேதா தோஷிஹிகோ. 1981இல் டோபுரோகு செய்வது எப்படி என்று புத்தகமே வெளியிட்டார். ஒளித்துச் செய்யவில்லை. செய்து, ருசி பார்க்க வாருங்கள் என்று தேசிய வரித்துறைத் தலைவருக்கே அழைப்பு அனுப்பினார். வழக்கு நடந்தது. தன் வீட்டுக்காக, விற்காமல், தானே செய்து குடிப்பதைத் தடுக்க அரசுக்கு என்ன உரிமை என்பது அவர் கேள்வி. 1989 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. வரி வருமானத்தைப் பாதுகாப்பதே காரணம். 2002இல் கொண்டுவந்த சிறப்பு மண்டலச் சட்டத்தின் வழியாக, குறிப்பிட்ட வட்டாரங்களில் விடுதியோ உணவகமோ நடத்தும் விவசாயிகளுக்கு மட்டும் டோபுரோகு அனுமதிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிக்கு விற்கலாம். அங்கேயும் உரிமம் வாங்கித்தான். உரிமமில்லாமல் வீட்டில் ஒரு சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்துள்ள எதையும் செய்வது இன்றும் குற்றம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் கடந்து போன யூசு, பிரெஞ்சுப் பெயர், பெல்ஜிய ஈஸ்ட். இந்தக் கலப்பு சட்டத்தில் ஏறிவிட்டது. எதையும் கலக்காத, சொந்த வயல் அரிசியும் சொந்தக் கைப்பக்குவமும் மட்டுமான பானை, வாசலுக்கு வெளியே நிற்கிறது. தூய்மைக்கும் கலப்புக்கும் இடையே கோடு கிழித்துக்கொண்டு நான் பேசிய பேச்சு இந்த இடத்தில் உதவவில்லை. கோடு வேறெங்கோ ஓடுகிறது. ஆலைக்கும் பானைக்கும் இடையே.

6

உணவுப் பொருத்தம் என்ற சொல்லாடலையும் இங்கிருந்து பார்க்கத் தோன்றுகிறது. எந்த மீனுக்கு எந்த ஏல் என்ற அந்தப் பேச்சு பொய்யில்லை. மேலே நானே விளக்கினேன். ஆனால் அது தட்டையும் கோப்பையையும் மட்டுமே காட்டுகிறது. யூசு விளைச்சலில் முதலிடம் கோச்சி மாவட்டத்து மலைக் கிராமங்களுக்கு, சான்ஷோவில் வகயாமாவுக்கு. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, முதியவர்கள் மிஞ்சிய ஊர்கள் பல. யூசு, சான்ஷோ இரண்டுமே முள் மரங்கள், கை வைத்துத்தான் பறிக்க வேண்டும். பாட்டில் சீட்டில் மணம் இருக்கிறது, முள் இல்லை. ஜப்பானிய உணவுமுறை 2013இலும் பெல்ஜியப் பீர்ப் பண்பாடு 2016இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறிய இரண்டு மரபுகள் ஒரு மேசையில் கைகுலுக்குகின்றன. பறித்த கை அந்த மேசையில் இல்லை.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. 2003 முதல் அரசே கடை போட்டுச் சாராயம் விற்கிறது. அதன் அரசுப் பெயர் 'இந்தியாவில் தயாரிக்கும் அயல்நாட்டு மது'. பெயரிலேயே கலப்பு இருக்கிறது பாருங்கள். குடி கெடுத்த வீடுகளை, அந்தக் கடைகளுக்கு எதிராகத் தெருவில் உட்கார்ந்த பெண்களை மறந்துவிட்டுக் கள்ளுக்குப் பரணி பாடுவது என் நோக்கமில்லை. குடிப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்வியை ஒதுக்கினாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எது மது, எது கள்ளச்சரக்கு என்று பெயர் வைப்பவர் யார், அந்தப் பெயரால் யாருடைய பானை உடைகிறது?

இரண்டு பாட்டிலும் காலியான பிறகு நண்பர் கேட்டார், "அப்ப கலப்பு தப்புங்கிறீரா?"

தப்பு என்று சொல்லவில்லை. கலப்பைக் கொண்டாடும் கட்டுரைகளை நாம் தொடர்ந்து எழுதலாம். எழுதும்போது, இந்தக் கலப்புக்கு உரிமம் கொடுத்தது யார், எத்தனை சதவீதம் வரை, அதே உரிமம் யாருக்கு மறுக்கப்பட்டது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காத வரை கலகம் என்று நாம் பெயரிட்டது சந்தையில் ஒரு புதுச் சரக்கின் பெயராகவே முடியும். அன்றைய கூட்டத்தில் நான் இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளவே இந்தக் குறிப்புகளை எழுதினேன். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.